வடியும் நீரில் விளக்குமாறு

ஹோய் ஆன்,
நவம்பர் 9

அன்புள்ள கியெத்,

எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. நலம் விசாரிக்கும் முன்பே இதை எழுத வேண்டியிருக்கிறது. ஹுவே மடத்துப் பள்ளியில் எனக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த மதர் பெர்னாதெத் பார்த்தால் இந்தத் தாளைக் கிழித்து என் கையிலேயே கொடுத்திருப்பார். பரவாயில்லை, வரிசை தவறலாம், செய்தி தவறக் கூடாது.

நீயும் ஞாவும் குழந்தையும் நலமா? நான் நலம். வெள்ளம் மூன்றாம் நாள் வடிந்தது. என் கைபேசி, அரை மூட்டை அரிசி, இரண்டு பாய் போயின. மற்ற சாமான்களை எல்லாம் அக்கம்பக்கத்தார் உதவியோடு, மாடித் தரையில் பதித்த மரக்கதவைத் திறந்து, கயிறு கட்டி, நீர் வருவதற்கு முன்பே ஏற்றிவிட்டோம்.

நேற்று உன் மனைவி ஞா எதிர்வீட்டு சாவ் அண்ணனின் கைபேசியில் கூப்பிட்டு அழுதாள். கைபேசியில் ஓடுகிற அந்தப் படத்தைச் சைகோன் முழுக்கப் பார்த்துவிட்டதாம். பிறகு சாவ் அண்ணன் எனக்கும் காட்டினார். முழங்கால் நீரில் நின்றுகொண்டு நான் விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளுகிறேன். யாரோ அதற்கு வயலின் சேர்த்திருக்கிறார்கள். கீழே எழுதியிருக்கிறது: ‘எல்லாம் இழந்து மனம் கலங்கிய பாட்டி ஆற்றைப் பெருக்குகிறாள், தனக்குத் தானே பேசிக்கொள்கிறாள்.’

எடுத்தவள் யார் என்று தெரியுமா? எதிர் விடுதியில் தங்கியிருந்த ஹனோய்க்காரி. அங்கே கீழ்த்தளம் மூழ்கியதும் அவளும் அவள் தாயும் நம் மாடியில்தான் இரண்டு நாள் இருந்தார்கள். என் அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் நாள் காலை மீட்புப் படகில் ஏறிப் போகும்போது எடுத்திருக்கிறாள்.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஞாவுக்காக எழுதுகிறேன், படித்துக் காட்டு. சேறு தண்ணீரோடு வருகிறது, தண்ணீரோடுதான் போகும். நீர் இறங்கத் தொடங்கும்போதே நாமும் இறங்கி, கலக்கிக் கலக்கி வாசலுக்குத் தள்ள வேண்டும். எல்லாம் வடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் மறுநாள் மண்வெட்டி வேண்டும், அதற்கு மறுநாள் கடப்பாரை. அன்று காலை எங்கள் தெருவில் பதினேழு வீட்டிலும் விளக்குமாறு ஓடியது. படத்தில் நான் மட்டும் இருக்கிறேன். என் வாய் அசைகிறது, ஏனென்றால் சாவ் அண்ணனுக்குப் பதில் சொல்கிறேன். அவர் கத்தினார்: “அக்கா, உங்க வீட்டுச் சேத்தை என் வாசலுக்குத் தள்ளாதீங்க. ஏற்கெனவே என் பொண்டாட்டி என்னை வெளிய தள்ளிக்கிட்டு இருக்கா.” நான் சொன்னேன்: “உங்களைத் தள்ள விளக்குமாறு போதாது, மண்வெட்டிதான்.” அவர் குரலை வெட்டிவிட்டு வயலின் போட்டால் நான் பைத்தியம்.

தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் நீயும் தள்ளினாய். பன்னிரண்டு வயது. உன் உயரத்துக்கு உன் அப்பா ஒரு விளக்குமாறு கட்டிக் கொடுத்தார். ஆகவே உன்னைவிட நல்ல சாட்சி எனக்கு இல்லை. உன் அலுவலகத்தில் கேட்பவர்களிடம் சொல். சொன்னதாக எனக்கு எழுது.

குழந்தைக்கு என் முத்தம். இறைவன் உங்களைக் காக்கட்டும்.

அம்மா


சைகோன்,
நவம்பர் 21

அன்புள்ள அம்மா,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் உடல்நலம்தான் எங்களுக்குக் கவலை. இங்கே தினமும் மழை.

கடிதம் கிடைத்தது. அம்மா, நீங்கள் கோபப்படுவது புரிகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த எவரும் உங்களைக் கேலி செய்யவில்லை. எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். என் மேலாளர்கூட, “உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடலாமே, இன்னும் என்ன யோசனை?” என்று கேட்டார். எழுபத்தாறு வயதில் தனியாக அந்த வீட்டில் இருப்பது சரியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தா நாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவர் இருக்கிறார். சும்மா வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டைப் பார்க்கவும் இரண்டு பேர் வருவார்கள், வெள்ளச் சேதத்துக்காக. தயவுசெய்து அவர்களை உள்ளே விடுங்கள்.

புதுக் கைபேசி அனுப்பட்டுமா? ஞா உங்களுக்கு வணக்கம் சொல்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியெத்


ஹோய் ஆன்,
நவம்பர் 28

அன்புள்ள கியெத்,

உன் கடிதம் ஆறாம் நாள் வந்தது. அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. என் உடலுக்குக் குறையில்லை. கைபேசி வேண்டாம். பேச்சு காற்றோடு போய்விடும். எழுதினதை மறுநாளும் எடுத்துப் படிக்கலாம்.

எடுத்துப் படித்துப் பார்த்தேன். நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது நான்கு. அந்த ஒன்று மட்டும் இல்லை.

வருத்தப்படுகிறார்களாம். நீர் இன்னும் இடுப்பளவு இருந்தபோதே வருத்தம் வாடகைப் படகில் வந்தது. பனையோலைத் தொப்பி வைத்த இரண்டு பெண்கள் நம் வாசலில் படகை நிறுத்தி, விளக்குத் தொங்குகிற இடமாகப் பார்த்து ஒருவரை ஒருவர் படமெடுத்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, “பாட்டி, கொஞ்சம் சோகமா இந்தப் பக்கம் திரும்புங்களேன்” என்றாள். “சந்தைல சோகம் விக்குது, போய் வாங்கிக்கோ” என்றேன். சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சாவ் அண்ணனின் மனைவி தன் கைபேசியில் வந்திருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டினாள். ‘எங்கள் ஹோய் ஆன் போய்விட்டது.’ ‘நாங்கள் தேனிலவுக்கு வந்த ஊர் அழிந்தது, அழுகிறேன்.’ எங்கள் ஊர் எங்கேயும் போகவில்லை. ஐந்தாம் நாள் நூடுல்ஸ் கடை திறந்தது, ஆறாம் நாள் பூசைக்கு மணி அடித்தது. இவர்களுக்குப் பிடித்தது இந்த ஊரின் மஞ்சள் சுவர். அது நனைந்ததற்குத்தான் அழுகிறார்கள். சுவருக்குள் இருக்கிறவள் நனைந்தால் அது நல்ல படம்.

நீ அனுப்பிய இருவரும் வந்தார்கள். உள்ளே விட்டேன், தேநீரும் கொடுத்தேன். சேதத்தை அளக்க வந்தவர்கள் நீர்க்கறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடியில் உன் அப்பாவின் படம் இருக்கும் அறையை நாடா பிடித்து அளந்து, “இங்க எட்டு மேசை போடலாம், சன்னலை இடிச்சா பத்து” என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளச் சேதத்துக்கும் மேசைக்கும் என்ன தொடர்பு என்று எழுது.

பத்திரத்தில் உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து இருக்கிறது. இரண்டு கையெழுத்தும் வேண்டும். அதை நான் மறக்கவில்லை என்பதை என் புத்தியின் நிலைக்கு ஒரு சான்றாக எடுத்துக்கொள்.

மறுபடியும் கேட்கிறேன். தொண்ணூற்றொன்பதில் நீ விளக்குமாறு பிடித்தாயா, இல்லையா?

குழந்தைக்குச் சளி என்று சாவ் அண்ணன் கைபேசியில் ஞா சொன்னாள். இஞ்சி கொடுக்கச் சொல்.

அம்மா


ஹோய் ஆன்,
டிசம்பர் 2

திருமதி உயென் அவர்களுக்கு,

உங்கள் முகவரியை எதிர் விடுதியின் பதிவேட்டிலிருந்து எடுத்தேன். தாங்களும் தங்கள் தாயாரும் நலமாக ஊர் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாயாரின் மூட்டுவலி ஹனோய்க் குளிரில் அதிகமாகாமல் இருக்கட்டும்.

நீங்கள் என் வீட்டில் இரண்டு நாள் இருந்தீர்கள். அதற்கு நன்றி கேட்டு எழுதவில்லை. வெள்ளத்தில் எவர் கதவைத் தட்டினாலும் திறப்போம்.

நீங்கள் எடுத்த படத்தால் நான் பைத்தியம் என்று நாடு முழுவதும் பேசுகிறது. நான் சேறு தள்ளிக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று படகிலிருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பத்தடி தூரம். கேட்கத் தோன்றவில்லை, எடுக்கத் தோன்றியிருக்கிறது.

படித்த பெண் நீங்கள். இந்தப் படத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

ஹுவின் தி பிக் லியூ


சைகோன்,
டிசம்பர் 19

அன்புள்ள அம்மா,

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஆண்டுக் கடைசி, அலுவலகத்தில் வேலை நெருக்கடி. குழந்தைக்குச் சளி குணமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

வந்தவர்கள் ஒரு நண்பரின் ஆட்கள். வீட்டை என்ன செய்யலாம் என்று ஒரு யோசனைக்காகத்தான் பார்த்தார்கள். நேரில் பேசிக்கொள்ளலாம். பழைய வெள்ளக் கதைகள் இப்போது எதற்கு அம்மா?

எனக்குத் தூக்கமே வருவதில்லை. இருட்டில் மாடிப்படியிலிருந்து விழுந்து, ஒரு மணி நேரம் எழ முடியாமல் கிடந்தீர்களே, அந்த நேரத்தில் அடுத்தவர் யாரும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மருத்துவர் இந்த வாரம் வருவார். அவர் கேட்பதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

ஞாவின் வணக்கங்கள்.

கியெத்


ஹோய் ஆன்,
டிசம்பர் 27

அன்புள்ள கியெத்,

பாலன் பிறப்பின் ஆசி உங்கள் மூவருக்கும். நள்ளிரவுப் பூசைக்கு நான் போகவில்லை, காலைப் பூசைக்குப் போனேன். கோயில் சுவரில் இன்னும் ஈரம். நலமாக இருக்கிறேன்.

உன் மருத்துவர் வந்தார். நல்ல பிள்ளை. இன்று என்ன தேதி, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றார். கழித்தேன். அறுபத்தைந்தைத் தாண்டியதும் அவர்தான் தடுமாறினார். நான் திருத்தினேன். பிறகு பேனாவை மூடிவிட்டு, “பெரியம்மா, உங்க மகன் கேட்டது ஒரு சான்றிதழ். உங்களால சொந்தமா முடிவெடுக்க முடியாதுன்னு எழுதணுமாம். என் கையெழுத்து அதுல விழாது” என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆக, இதுதான் அந்த யோசனை. எனக்குப் புத்தி இல்லை என்று எழுதி வாங்கிவிட்டால் என் கையெழுத்து தேவைப்படாது. நீ ஒருவன் போட்டால் போதும்.

இன்னொன்று. படியிலிருந்து நான் விழுந்ததை நான் உனக்கு எழுதவில்லை. சாவ் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. கோயிலில் நொண்டியபோது செருப்புக் கடிக்கிறது என்று சொன்னேன். என்னைத் தூக்கி உட்காரவைத்து, கால் ஊன்ற முடியும்வரை கூடவே இருந்தவர்கள் அந்த ஹனோய்ப் பெண்கள் இருவர் மட்டும். உனக்கு யார் சொன்னது?

நீ எழுதினதில் இது ஒன்றுதான் உண்மையான வரி. உனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை நம்புகிறேன். மற்றதற்குப் பதில் வேண்டும்.

அம்மா


ஹனோய்,
ஜனவரி 11

மதிப்புக்குரிய பெரியம்மா அவர்களுக்கு,

உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? அம்மா தினமும் உங்களைக் கேட்கிறாள். உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். மன்னியுங்கள்.

நீங்கள் சேறு தள்ளுகிறீர்கள் என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை, பெரியம்மா. எங்கள் பகுதியில் வெள்ளம் வடிந்த பிறகுதான் சுத்தம் செய்வோம். நான் படம் எடுத்ததற்கு முந்தின நாள் இரவு நீங்கள் விழுந்தீர்கள். மறுநாள் அதே காலோடு தண்ணீரில் நின்று பெருக்குவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ‘எங்களைக் காப்பாற்றிய பெரியம்மா, மனம் உடைந்து நிற்கிறார்’ என்றுதான் எழுதினேன். பைத்தியம் என்ற சொல்லும் வயலினும் மற்றவர்கள் சேர்த்தவை. ஆனால் கதவைத் திறந்துவிட்டவள் நான். மன்னியுங்கள்.

இரண்டே நாளில் உங்கள் ஊர்க்காரர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். “சோறு போட்ட வீட்டுல விளக்குமாறு எதுக்குன்னு தெரியாமப் போனியாடி” என்று ஒருவர். அப்போதே படத்தை நீக்கிவிட நினைத்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் மகன் செய்தி அனுப்பினார். படம் இருக்கட்டும், அதைக் காட்டித்தான் அம்மாவை ஊரைவிட்டு அழைத்துவர முடியும் என்றார். பாசமுள்ள பிள்ளை என்று நினைத்தேன். விழுந்ததை நான்தான் சொன்னேன்.

இதற்கு மேல் எழுதுவதற்குத்தான் ஐந்து வாரம் ஆனது. அவர் கேட்டு, நான் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் விழுந்ததையும், இருட்டில் இறந்துபோன உங்கள் கணவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததையும் எழுதினேன். காதால் கேட்டதைத்தான் எழுதினேன். உங்கள் சிகிச்சைக்கு என்று சொன்னார். அவருடைய செய்திகளைத் திரும்பப் படித்தபோதுதான் அது வீட்டுக்காக என்று புரிந்தது. அவர் அனுப்பிய செய்திகளை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதாக அவருக்கு எழுதிவிட்டேன், அதன் நகலும் இருக்கிறது. படத்தை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். மன்னியுங்கள், பெரியம்மா.

உயென்


ஹோய் ஆன்,
ஜனவரி 18

அன்புள்ள உயென்,

உன் கடிதமும் இணைப்புகளும் கிடைத்தன. தாயாருக்கு என் வணக்கம். முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

மன்னிப்பை மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். ஒரு முறை போதும், அதைப் பெற்றுக்கொண்டேன்.

ஒரு திருத்தம். நான் என் கணவரோடு பேசவில்லை. இறந்தோருக்கான செபமாலை சொன்னேன். அவர் பெயரை ஐந்து முறை சொல்ல வேண்டும், மாலையில் பத்துப் பத்து மணியாக உருட்டி முடிக்கும்போது ஒவ்வொருமுறை. நீங்கள் செபம் சொல்லும் வீட்டில் வளர்ந்தவர்கள் இல்லை, தெரிந்திருக்க வழியில்லை. அதையும் நீ கேட்டிருக்கலாம்.

படத்தை நீக்க வேண்டாம். நீக்கிவிட்டால், ஏதோ மறைக்கிறார்கள் என்பார்கள். அது என்ன வேலை, ஏன் அந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்பதை அதன் கீழே எழுது. பார்த்தவர்களில் நூறு பேர் படித்தாலும் போதும்.

பிக் லியூ


சைகோன்,
பிப்ரவரி 24

அன்புள்ள அம்மா,

சந்திரப் புத்தாண்டில் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் கிடைக்கட்டும். நாங்கள் வரவில்லை. நீங்களும் வரவில்லை. இத்தனை வருடத்தில் இதுதான் முதல் முறை. உங்கள் கையால் வாழையிலையில் கட்டி அவித்த ஒட்டரிசி உருளை இல்லாமல் பண்டிகை பண்டிகையாகவே இல்லை என்று ஞா சொன்னாள்.

இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் சொல்ல மாட்டேன். உயென் எழுதிவிட்டாள், உங்களுக்கும் எழுதியிருப்பாள்.

விளக்குமாறு பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பிடித்தேன் அம்மா. அப்பாவுக்கு வலது பக்கம் நின்றேன். அவர் காலில் ஆணி ஏறியபோது, “ஒண்ணுமில்லடா, தள்ளு, தண்ணி இறங்குது” என்றார். தள்ளினேன். பத்தாம் நாள் அவரைப் புதைத்தோம். அந்தப் படத்தில் நீங்கள் நிற்கும் இடம் அப்பா நின்ற அதே இடம். பைத்தியம் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் அப்படி நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் அலுவலகத்தில் உட்கார்ந்து உங்கள் ஆற்றின் நீர்மட்டத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பவன் நான்.

அந்த வீட்டைக் காப்பிக்கடை வைப்பவர்களுக்குக் குத்தகைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். வெள்ளத்துக்கு முன்பே, செப்டம்பரிலேயே. உங்களிடம் கேட்டால் மறுப்பீர்கள் என்று பயந்தேன். அவர்கள் இப்போது நெருக்குகிறார்கள். நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் மருத்துவர், வாக்குமூலம், இந்தப் பேச்செல்லாம் தேவையே இருக்காது. யோசியுங்கள் அம்மா.

கியெத்


ஹோய் ஆன்,
மார்ச் 6

அன்புள்ள கியெத்,

உனக்கும் ஞாவுக்கும் குழந்தைக்கும் புத்தாண்டு ஆசிகள், தாமதமாக. இந்த ஆண்டும் நான்கு உருளை கட்டினேன். இரண்டைச் சாவ் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தேன். மற்ற இரண்டை யாருக்குக் கட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, கெட்டுப்போயின. என் உடல் நலம்.

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்துப் படித்தேன். உன் அப்பா காலில் ஆணி ஏறியதும் உன்னிடம் என்ன சொன்னார் என்பது இத்தனை வருடம் கழித்து எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நான் அப்போது பின்கட்டில் இருந்தேன். அதை இவ்வளவு நாள் ஒருவனே சுமந்திருக்கிறாய். அதற்காக உன்னைத் திட்ட எனக்கு உரிமையில்லை. மற்றதற்கு இருக்கிறது.

பயந்தேன் என்கிறாய். என்னிடம் கேட்கப் பயந்தவன், முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் என் புத்தியைப் பற்றி எழுதி வாங்கப் பயப்படவில்லை. ஊரைப் பார்க்க வந்தவள் அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போனாள். கற்றுக்கொடுத்ததும் திருந்தினாள். நீ இந்த வீட்டில் பிறந்தவன். அந்தப் படத்தில் நான் செய்வது என்ன என்று தெரிந்த ஒருவன் சைகோனில் இருந்தான், அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்த லட்சக்கணக்கானவர்கள் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் இப்போது ஒரே முகவரிக்கு வருகிறது.

இனி நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். போன ஜூலையிலேயே என் கால் எனக்குச் சொல்லிவிட்டது. கயிற்றைப் பிடித்து அலமாரியை மேலே ஏற்றும்போது இதுதான் கடைசி வெள்ளம் என்று நினைத்துக்கொண்டேன். படியில் விழுந்து கிடந்த அந்த ஒரு மணி நேரம் பயந்தேன். மிகவும் பயந்தேன். செபமாலை அதற்காகத்தான். நீ ஒரு வார்த்தை, “அம்மா, எங்கூட வந்துடுங்க, வீட்டைக் குத்தகைக்கு விட்டுடலாம்” என்று கேட்டிருந்தால், இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுச் சரி என்றிருப்பேன். வெள்ளக் காலம் தொடங்குமுன் நீ கேட்பாய் என்று செப்டம்பர் முழுவதும் காத்திருந்தேன். நானாகக் கேட்பதற்கு என் குணம் விடவில்லை. அது என் குற்றம், அதை உன் கணக்கில் வைக்க மாட்டேன்.

ஆனால் இன்று நிலைமை வேறு. சாவ் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். எப்போதும் சிரிக்கிற மனிதர், சிரிக்கவில்லை. “கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க அக்கா, பெத்த பிள்ளைதானே” என்றார். பிறகு, “ஆனா பைத்தியமாப் போகாதீங்க” என்றார்.

நானும் அதைத்தான் யோசித்தேன். பைத்தியத்தின் கையெழுத்து எந்தப் பத்திரத்திலும் செல்லாது. புத்தியுள்ளவளின் கையெழுத்துதான் உனக்கு வேண்டும் என்றால், அவளுக்குப் புத்தி இருக்கிறது என்று நீ முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எது வசதியோ அதை நீட்ட முடியாது. நான் இந்த வீட்டைவிட்டு வந்தால், என் முடிவில், என் காலால் நடந்து வருவேன். என் மேல் பரிதாபப்பட்டு யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இங்கேயே இருந்தாலும் அப்படியே, என் முடிவில் இருப்பேன். எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உன் பதிலைப் பார்த்து முடிவு செய்வேன்.

ஆகவே எனக்கு வேண்டியது ஒரு வரி. ‘என் தாய் ஹுவின் தி பிக் லியூ தெளிந்த புத்தியோடு இருக்கிறார், எப்போதும் இருந்தார், இதை நான் அறிவேன்.’ அச்சடிக்க வேண்டாம், ஞாவை எழுதச் சொல்ல வேண்டாம். உன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திடு. எதிர்வீட்டு எண்ணுக்குக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்.

குழந்தைக்கு என் முத்தம். தபாலில் பதில் எழுது.

அம்மா